ஃபாலிகுலர் லிம்ஃபோமாவில் ஸ்டெம் செல் மாற்று: பலன் விகிதங்களை எப்படிப் படிப்பது

கன்னியாகுமரி, தென்காசி மாவட்டங்களில் ஒருவருக்குக் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, அது மாதக்கணக்கில் வடியாமல் நின்று, பயாப்சியில் ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தால், பல குடும்பங்கள் களியக்காவிளை வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ எல்லை கடந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையத்துக்குப் போகின்றன, வேறு சிலர் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.யை நாடுகிறார்கள். முதல் சிகிச்சை முடிந்து சில காலம் கழித்து நோய் திரும்பும்போது, இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை உடலில் ஏற்றும் மாற்று சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். அன்று மாலையே வீட்டில் யாராவது கைபேசியில் தேடி 46, 50, 77, 90 என்று ஆளுக்கொரு சதவீதத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த எண்கள் உண்மையான ஆய்வுகளிலிருந்து வந்தவைதான். ஆனால் அவை எந்த ஆண்டில், எந்த நிலையிலிருந்த நோயாளிகளிடம், எந்தச் சிகிச்சைக்கு எதிராக வைத்து அளக்கப்பட்டவை என்று தெரியாதவரை அவற்றில் ஒன்றைக்கூட நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்த முடியாது. அப்படிப் பொருத்திப் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். முடிவு இரத்தவியல் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடுக்க வேண்டியது. அவர்கள் பேசக் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாமல் இருக்க இது உதவும்.

விளக்கத்துக்காக, அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் 52 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ரிட்டுக்ஸிமாப் என்ற எதிர்ப்புரத மருந்தும் கீமோவும் சேர்ந்த ஆர்-சாப் சிகிச்சை அவருக்கு ஆறு சுற்று கொடுக்கப்பட்டது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் ஏறிக்கொண்டிருந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட 18ஆம் மாதத்தில் வயிற்றுக்குள் நிணநீர்க் கணுக்கள் மீண்டும் பெருத்துவிட்டன. அவருடன் மருத்துவமனைக்கு வருவது அவருடைய தங்கை.

இது எந்த நோய் என்பதை மறுபடியும் உறுதி செய்தல்

சதவீதங்களுக்குள் போவதற்கு முன்பு, திரும்பி வந்திருப்பது பழைய நோய்தானா என்று பார்க்க வேண்டும். ஃபாலிகுலர் லிம்ஃபோமா மெதுவாக வளரும் வகை. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு அது வேகமாக வளரும் பெரிய செல் லிம்ஃபோமாவாக உருமாறுகிறது. உருமாறிய நோய்க்கு மாற்று சிகிச்சையின் பலன் வேறு, உருமாறாத நோய்க்கு வேறு. முதல் சிகிச்சையாகப் பெண்டமஸ்டின் என்ற கீமோ மருந்தும் ரிட்டுக்ஸிமாபும் பெற்று இரண்டாண்டுக்குள் நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த உருமாற்றமே நேர்ந்திருந்ததாகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே நோய் திரும்பியதும் பெட்-சிடி ஸ்கேன் எடுத்து, அதில் மிக அதிகமாக ஒளிரும் கணுவிலிருந்து புதிதாகப் பயாப்சி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கைக்கு எளிதாக எட்டுகிறது என்பதற்காக மட்டும் வேறொரு கணுவில் ஊசி குத்தி எடுத்தால், உருமாற்றம் கண்ணில் படாமலே போகலாம்.

எல்லைப் பகுதியிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு காரியம் இங்கே உண்டு. முதல் பயாப்சி பெரும்பாலும் நாகர்கோவிலிலோ தென்காசியிலோ நடந்திருக்கும். அறிக்கைத் தாள் மட்டும் வீட்டில் இருக்கும். பெரிய மருத்துவமனையின் நோய்க்கூறியல் பிரிவுக்குத் தாள் போதாது. சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் கண்ணாடி வில்லைகளும் வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். கட்டைவிரல் அகலமுள்ள அந்தக் கட்டியின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணும் அறிக்கையிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து, வெயிலில் உருகாதபடி சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அறிக்கையில் தரம் 3பி என்று இருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். அந்த வகை பெரிய செல் லிம்ஃபோமாவைப் போலவே நடத்தப்படுவதால், கீழே சொல்லப்போகும் எண்கள் அதற்குப் பொருந்தா.

மாதங்களை எண்ணுதல்

இந்த நோயில் ஒரே ஒரு தேதிக் கணக்கைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், முதல் சிகிச்சைக்குப் பிறகு நோய் எப்போது திரும்பியது என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஆர்-சாப் பெற்ற 588 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அதாவது 19 சதவீதம் பேருக்கு, நோய் கண்டறியப்பட்ட இரண்டாண்டுக்குள்ளேயே நோய் மீண்டும் வளர்ந்தது. அவர்களில் அதற்குப் பின் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 50 சதவீதம். அப்படி வளராதவர்களில் 90 சதவீதம். மருத்துவர்கள் பிஓடி24 என்று குறிப்பிடுவது இரண்டாண்டுக்குள் நோய் வளர்ந்த பிரிவைத்தான்.

நம் ரப்பர் தொழிலாளி 18ஆம் மாதத்தில் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறார். அதே நோய் ஏழாம் ஆண்டில் திரும்பியிருந்தால், அவசரப்பட்டு மாற்றுக்குப் போக வேண்டிய தேவை இருந்திருக்காது. அறிகுறி இல்லாத நிலையில் மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். மாதங்களை எண்ணும்போது எந்த நாளிலிருந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: சில ஆய்வுகள் நோய் கண்டறிந்த நாளிலிருந்தும், சில சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணுகின்றன. பழைய சீட்டுகளிலிருந்து இவ்விரு தேதிகளையும் நோய் திரும்பிய தேதியையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவரின் பாதி வேலை மிச்சமாகும்.

தன் செல்லா, பிறர் செல்லா

மாற்று என்ற ஒரே சொல்லின்கீழ் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. கைபேசியில் காணும் எண் எதைப் பற்றியது என்று தெரியாமல் குழம்புவது இங்கேதான்.

தன் செல் மாற்றில் நோயாளியின் இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து உறைய வைத்து, மிக அதிக அளவு கீமோ கொடுத்து, பிறகு அதே செல்களைத் திருப்பி ஏற்றுகிறார்கள். நோயைக் கொல்வது கீமோதான். ஸ்டெம் செல் அந்தக் கீமோவால் அழிந்த மஜ்ஜையை மீட்டுக் கொடுக்கிறது. பிறர் செல் மாற்றில் உடன்பிறந்தவரோ வேறு கொடையாளரோ தரும் செல்கள் ஏற்றப்படுகின்றன. புதிதாக வரும் நோய் எதிர்ப்புச் செல்கள் எஞ்சிய லிம்ஃபோமாவைத் தாங்களே தாக்குகின்றன. அதே செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றையும் தாக்கலாம். முதலாவது ஆபத்துக் குறைந்தது, நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். இரண்டாவதில் நோய் திரும்புவது குறைவு, சிகிச்சையே உயிரைப் பறிக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஏற்ற இறக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது, அமெரிக்காவின் மாற்றுப் பதிவேட்டுத் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு. முதல் கீமோ-ரிட்டுக்ஸிமாப் சிகிச்சைக்குப் பிறகு சீக்கிரமே நோய் திரும்பிய 440 பேரை அது எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டுக் கணக்கில், தன் செல் பெற்றவர்களில் நோய் திரும்பியது 58 சதவீதம் பேருக்கு. பொருந்திய உடன்பிறந்தவரின் செல் பெற்றவர்களில் 31 சதவீதம். உறவில்லாத கொடையாளரின் செல் பெற்றவர்களில் 23 சதவீதம். இத்தோடு நிறுத்தினால் உறவில்லாத கொடையாளரே மேல் என்று தோன்றும். ஆனால் நோயால் அன்றி மற்றக் காரணங்களால், பெரும்பாலும் சிகிச்சையின் விளைவால், இறந்தவர்கள் அதே வரிசையில் 5, 17, 33 சதவீதம். ஆகவே ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 70, 73, 49 சதவீதம் என்று முடிந்தது. நோய் மிகக் குறைவாகத் திரும்பிய பிரிவில்தான் மிக அதிகம் பேர் இறந்தார்கள். எந்த ஆய்வைக் காட்டினாலும் நோய் திரும்பிய விகிதம், சிகிச்சையால் நேர்ந்த மரண விகிதம், மொத்த உயிர்வாழ்வு விகிதம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லும் எண் பாதி எண்.

டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையம் மாற்றுக்கு முன் தரும் தயாரிப்புக் கீமோவை வீரியம் குறைத்துக் கொடுத்து பிறர் செல் மாற்று செய்த 47 பேரில், பதினோராண்டு உயிர்வாழ்வு 78 சதவீதம் என்று 2012இல் வெளியிட்டது. இது வியக்கத்தக்க பலன்தான். ஆயினும் ஒரே மையம், தேர்ந்தெடுக்கப்பட்ட 47 பேர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் மோதவிட்ட அமெரிக்கச் சோதனையோ போதிய நோயாளிகள் சேராததால் 30 பேரோடு முன்கூட்டியே முடிக்கப்பட்டது. எனவே எது மேல் என்று, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் சீட்டுக்குலுக்கல் முறையில் நிரூபித்த ஆதாரம் இல்லை. நடைமுறையில் தன் செல் மாற்றுக்கு முதலிடம், அது தோற்ற பிறகோ செல் சேகரிக்க முடியாதபோதோ பிறர் செல் என்ற வரிசை நிலவுகிறது.

கொடையாளரைப் பொறுத்தவரை, உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தங்கை ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். பாதி மட்டும் பொருந்தும் மகனோ மகளோ செல் தரும் முறையும் இப்போது நடைமுறையில் உள்ளது.

ஆய்வின் ஆண்டைப் பார்த்தல்

தன் செல் மாற்று உயிர்வாழ்வைக் கூட்டுகிறது என்று சீட்டுக்குலுக்கல் முறையில் காட்டிய புகழ்பெற்ற ஐரோப்பியச் சோதனை 2003இல் வெளிவந்தது. நோய் திரும்பியவர்களில், வழக்கமான கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நான்காண்டு உயிர்வாழ்வு 46 சதவீதம். தன் செல் மாற்று பெற்ற இரு பிரிவுகளில் 71, 77 சதவீதம். வித்தியாசம் பெரியது. ஆனால் அந்த 46 சதவீதம் ரிட்டுக்ஸிமாப் இல்லாத காலத்துச் சிகிச்சையின் கணக்கு. அமெரிக்காவில் 1997இல் அங்கீகாரம் பெற்ற அம்மருந்து, ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இல் தன் உயிரி ஒத்த மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் இங்கே பலருக்கும் எட்டியது. இன்றைய நோயாளிக்கு மாற்று தரும் கூடுதல் பலனை 2003ஆம் ஆண்டு எண்ணிலிருந்து கணக்கிடுவது, மீட்டர்கேஜ் காலத்துக் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு செங்கோட்டையில் கொல்லம் ரயிலுக்குக் காத்திருப்பதைப் போன்றது.

முதல் சிகிச்சையோடு சேர்த்தே மாற்றையும் செய்துவிடலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ரிட்டுக்ஸிமாபையும் சேர்த்து இத்தாலியில் நடந்து 2008இல் வெளிவந்த சோதனையில், மாற்று பெற்ற பிரிவில் நான்காண்டில் நோய் முதலிய பாதிப்பின்றி இருந்தவர்கள் 61 சதவீதம், மற்றப் பிரிவில் 28 சதவீதம். ஆனால் உயிர்வாழ்வு 81க்கு 80. நோய் திரும்பியவர்களுக்கு அப்போது மாற்று செய்தும் நல்ல பலன் கிடைத்தது. ஆகையால் முதல் சிகிச்சையிலேயே, உருமாற்றம் எதுவும் இல்லாத ஒருவருக்கு, மாற்று செய்வோம் என்று யாராவது சொன்னால், அதன் காரணத்தைக் கேட்டு, இன்னொரு மையத்திலும் கருத்துப் பெறாமல் சம்மதிக்க வேண்டாம்.

எண்ணப்பட்டவர்கள் யார்

பிஓடி24 பிரிவினருக்குத் தன் செல் மாற்று உதவுகிறதா? 2018இல் வந்த ஜெர்மன் ஆய்வு, ஐந்தாண்டு உயிர்வாழ்வு மாற்று பெற்றவர்களில் 77 சதவீதம், பெறாதவர்களில் 59 சதவீதம் என்றது. அதே ஆண்டின் அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் 67க்கு 60 என்று மட்டுமே வந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் சிகிச்சை தோற்ற ஓராண்டுக்குள் மாற்று பெற்றவர்களைத் தனியே எடுத்தபோது 73க்கு 60 என்று ஆனது. நம் தொழிலாளியைப் போன்றவருக்கு மாற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கும், தள்ளிப்போடாமல் பேசுவதற்கும் அடிப்படை இதுதான்.

எனினும் இவை பின்னோக்கிய ஆய்வுகள், அதாவது ஏற்கெனவே நடந்த சிகிச்சைகளின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தவை. இரண்டாம் வரிசைக் கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டு, இதயமும் நுரையீரலும் தாங்கும் நிலையில் இருந்து, செல் சேகரிப்பு வெற்றி பெற்ற பிறகே ஒருவர் மாற்றுப் பிரிவில் எண்ணப்படுகிறார். அதற்குமுன் தோற்றவர்கள் மற்றப் பக்கத்தில் போய் விழுகிறார்கள். ஆகையால் மாற்றின் நன்மை இந்த எண்களில் ஓரளவு பெருத்தே தெரியும் என்பது என் கருத்து. மருத்துவமனையில் தங்கை கேட்க வேண்டியது, "மாற்று செய்தால் எத்தனை சதவீதம் குணமாகும், சார்?" என்பதைவிட, "இரண்டாம் கீமோவுக்குப் பிறகு எடுத்த பெட்-சிடியில் அண்ணனுக்கு நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது? மாற்று செய்யாவிட்டால் அடுத்து என்ன மருந்து? அதைவிட இதில் எவ்வளவு கூடுதல் கிடைக்கும்?" என்பதே.

அந்த அடுத்த மருந்துகளின் பட்டியல் இப்போது நீண்டிருக்கிறது. லெனலிடமைடு என்ற மாத்திரையும் ரிட்டுக்ஸிமாபும் சேர்த்துக் கொடுத்த 2019ஆம் ஆண்டுச் சோதனையில், நோய் வளராமல் கழிந்த காலத்தின் நடுமதிப்பு 39.4 மாதம், ரிட்டுக்ஸிமாப் மட்டும் பெற்றவர்களில் 14.1 மாதம். நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களையே ஆய்வகத்தில் மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி செல் சிகிச்சை இந்நோய்க்கு அமெரிக்காவில் 2021 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்டது. பம்பாய் ஐஐடியும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை, லிம்ஃபோமா உள்ளிட்ட பி-செல் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் இந்திய அனுமதி பெற்றது. விலை குறைந்ததென்றாலும் இன்னமும் பல லட்சங்களில்தான் இருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்த கணக்கு தன் செல் மாற்றுக்கு உண்டு; கார்-டிக்கு அவ்வளவு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை.

மையத்தில் கேட்டு அறிய வேண்டியவை

வெளிநாட்டு எண்களுக்குப் பிறகு, போகும் மையத்தின் எண்களைக் கேளுங்கள்: லிம்ஃபோமாவுக்குத் தன் செல் மாற்று ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்கள், முதல் 100 நாளில் இறந்தவர்கள் எத்தனை சதவீதம். சி.எம்.சி. 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்துவரும் மையம்; அங்கேயானாலும் வேறெங்கேயானாலும் இக்கேள்வியை மரியாதையோடு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஸ்டெம் செல் சேகரிப்பைப் பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். உடல் எடையில் கிலோ ஒன்றுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் (ஸ்டெம் செல்களை எண்ணும் அடையாளம்) தேவை; 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. பல சுற்றுப் பெண்டமஸ்டினோ, லெனலிடமைடோ பெற்றவர்களுக்கு இது கடினமாகலாம். எனவே பின்னால் மாற்று நடக்கக்கூடும் என்று தெரிந்தால், மருந்துகளின் வரிசையை அதற்கேற்ப அமைக்க முடியுமா என்று கேட்பது நியாயமானதே.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும்: தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேரளத்து மருத்துவமனையில் தானாகச் செல்லுபடியாகும் என்று எண்ணிக்கொண்டு போய் இறங்காதீர்கள். அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, மாற்று சிகிச்சை அதில் அடங்குமா என்று சேர்வதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் வாங்குங்கள். வருமானச் சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்னரே பெற்று வையுங்கள்.

வார்டிலும் வீட்டிலும் பலனைக் காப்பது

தன் செல் மாற்றுக்கு வழக்கமாகப் பீம் என்ற நான்கு மருந்துத் தொகுப்பு ஆறு நாள் ஏறுகிறது. அதில் கடைசியான மெல்ஃபலான் ஏறும்போது வாயில் ஐஸ் துண்டுகளை விடாமல் சுவைக்கச் சொல்வார்கள்; வாய்ப்புண் குறைவதற்கு அது உண்மையிலேயே உதவுகிறது, ஆகவே பல் கூசுகிறது என்று துப்பிவிட வேண்டாம். செல்களைத் திருப்பி ஏற்றும் நாளில் அறை முழுதும் பூண்டு வாடையைப் போன்ற ஒரு நெடி வீசும். உறைய வைக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ மூச்சு வழியாக வெளியேறுவதுதான் அது. ஓரிரு நாளில் போய்விடும். அதன்பின் பத்து முதல் பதினான்கு நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 500ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால், செல் பிடித்துவிட்டது என்று பொருள்.

வெளியே வந்த முதல் சில வாரங்களில், இரவில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போகக்கூடிய தொலைவில் தங்குங்கள். அருமனையிலிருந்து மழைக்காலத்து இரவில் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு சரிவராது. வீடு திரும்பிய பிறகும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடு, மாட்டுத் தொழுவம், ஈரம் படிந்த சருகுக் குவியல் ஆகியவற்றிலிருந்து மருத்துவர் சொல்லும் வரை விலகியிருக்க வேண்டும். பூஞ்சைத் துகள்கள் நுரையீரலில் இறங்குவது அங்கேதான். பால் வெட்டப் போகும் தேதியை ஊர்க்காரர்களின் வற்புறுத்தலால் முடிவு செய்யாதீர்கள். அக்கி வராமலிருக்கத் தரும் மாத்திரையைச் சொன்ன காலம் வரை நிறுத்தக் கூடாது. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் காப்பு இச்சிகிச்சையில் போய்விடுவதால் ஆறு மாதத்திலிருந்து அவற்றை மறுபடி தொடங்குவார்கள். உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளுக்கு இரண்டாண்டு காத்திருக்க வேண்டும்.

ஐந்தாண்டுச் சதவீதங்களில் சரியாகத் தெரியாத ஆபத்து ஒன்று பிற்பாடு வரக்கூடியது. அதிக அளவுக் கீமோ பெற்றவர்களில் சிலருக்கு, லிம்ஃபோமா திரும்பாமலே, பல ஆண்டுகள் கழித்து மஜ்ஜை பழுதாகும் எம்டிஎஸ் என்ற நோயோ கடும் இரத்தப் புற்றுநோயோ வருகிறது. முழு உடல் கதிர்வீச்சு பெற்றவர்களில் இது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே எட்டாம் ஆண்டில், நெறி எதுவும் கட்டாமல், சோர்வும் வெளிறலும் மட்டும் தெரிந்து, இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்திருந்தால், ஊர் மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். மாற்று செய்த மையத்தின் கோப்பு எண்ணோடு, அந்த அறிக்கையை அங்குள்ள இரத்தவியல் மருத்துவரிடம் அதே வாரத்தில் காட்டுங்கள்.